புத்தகத்தில் ஏறிய பெயர்களும் ஏறாத பெயர்களும்



நாம் பணிபுரிவது பெயரில் மட்டும் தோட்டம் மிஞ்சியிருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி. தோட்டம் போய்விட்டது, பள்ளியின் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட பள்ளிகள் பல உண்டு. சென்ற தவணையில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, நாம் வாழும் ஊரின் வரலாற்றைப் பத்து வரிகளில் எழுதி வரும்படி வீட்டுப்பாடம் கொடுத்தோம். ஒரு பையன் முதல் வரியாக, “சுபாங் ஜெயா 1976ஆம் ஆண்டு தோன்றியது” என்று எழுதியிருந்தான். சரி என்று சிவப்பு மையால் குறியிட்டுக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் காலையில் அவனுடைய பாட்டி பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த நோட்டுப் புத்தகம். “வாத்தியாரே, ஊரு எழுபத்தாறுலதான் பொறந்துச்சாம். நான் அம்பத்தெட்டுல இங்கதான் பொறந்தேன். அப்ப நான் எங்க பொறந்தேன், ஆகாசத்துலயா?” என்று கேட்டார்.

நாம் போட்ட குறி தவறன்று. சுபாங் ஜெயா என்னும் வீடமைப்பு நகரை சைம் டார்பி குழுமத்தார் 1976ஆம் ஆண்டில் தொடங்கினார்கள் என்பது உண்மை. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அது மாநகரத் தகுதி பெற்றது என்பதும் உண்மை. எஸ்.எஸ். 14, எஸ்.எஸ். 15 என்று நாம் விலாசம் எழுதுகிறோமே, அந்த எஸ்.எஸ். என்பது சுங்கைவே-சுபாங் என்பதன் சுருக்கம். ஆனால் அந்தச் சாலைகளுக்கு அடியில் இருந்தது சீபீல்ட் தோட்டம். பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, லயத்து வீடுகள், விடியுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு கித்தாக் காட்டுக்குள் போன மனிதர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். நகரம் பிறந்த தேதி காகிதத்தில் இருக்கிறது. தோட்டம் இருந்த காலம் அந்தப் பாட்டியின் நெஞ்சில் இருக்கிறது. தேர்வில் மதிப்பெண் கிடைப்பது காகிதத்தில் இருப்பதற்குத்தான்.

ஒரு நாட்டின் அதிகாரபூர்வ வரலாறு எப்படி உருவாகிறது, அதில் அரசாங்கங்களின் கை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி இன்று பேச நினைத்ததற்கு அந்தப் பாட்டியின் கேள்விதான் காரணம்.

வரலாற்றை அரசாங்கம் திருத்துகிறது என்றவுடன், யாரோ அறையில் உட்கார்ந்து பொய் எழுதுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது எப்போதாவது நடக்கும். பெரும்பாலும் நடப்பது வேறு. கல்யாண வீட்டில் படம் எடுப்பவரைக் கவனித்திருப்பீர்கள். மணமக்களை நடுவில் நிறுத்துவார். மாமனை, சித்தப்பாவைப் பக்கத்தில் நிறுத்துவார். படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கொல்லையில் மூன்று நாளாகச் சோறு வடித்த அத்தை அதில் இல்லை. முப்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு அப்படி ஓர் அத்தை இருந்ததே தெரியாது. அரசாங்கமும் அந்தப் படக்காரரைப் போலத்தான். யாரை நடுவில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறது.

நடுவில் நிற்பவர் மாறுவதும் உண்டு. கோலாலம்பூரில் மோனோரயிலில் பயணம் செய்தவர்கள் மகாராஜாலேலா நிலையத்தை அறிவார்கள். அந்த நிலையத்தின் பெயர் அங்குள்ள ஜாலான் மகாராஜாலேலாவை ஒட்டியது. வெள்ளைக்காரர் காலத்தில் அதே சாலைக்குப் பெயர் பர்ச் ரோடு. இந்த இரண்டு பெயருக்கும் இடையே ஒரு கொலை இருக்கிறது.

1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்தின்படி பேராக்கிற்கு ஓர் ஆங்கிலேய ரெசிடெண்டு வந்தார். அவர்தான் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச். சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் சுல்தான் அவருடைய ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆலோசனை என்பது நாளடைவில் கட்டளையாயிற்று. வரி வசூலிக்கும் உரிமை தலைவர்களின் கையை விட்டுப் போயிற்று. 1875 நவம்பர் 2ஆம் தேதி, பாசிர் சாலாக்கில் ஆற்றோரக் குளியலறையில் இருந்தபோது பர்ச் குத்திக் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் படை கொண்டு வந்தார்கள். 1877 ஜனவரியில் மகாராஜா லேலாவைத் தூக்கிலிட்டார்கள். சுல்தான் அப்துல்லாவை சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

ஆங்கிலேயர் எழுதிய புத்தகங்களில் பர்ச், அடிமை முறையை ஒழிக்க வந்து உயிர் விட்ட கடமை வீரர். மகாராஜா லேலா கொலைகாரர். ஈப்போவில் 1909ஆம் ஆண்டு பர்ச்சின் நினைவாக மணிக்கூண்டு கட்டினார்கள். இன்றும் அது நிற்கிறது. நாடு விடுதலையடைந்த பிறகு வந்த பாடப்புத்தகத்தில் மகாராஜா லேலா அந்நியரை எதிர்த்த வீரர், பர்ச் அடாவடிக்காரர். பாசிர் சாலாக்கில் அரசாங்கம் நினைவு வளாகமே அமைத்துவிட்டது. இறந்தவரும் கொன்றவரும் மாறவில்லை, தேதியும் மாறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் மாறினார், கதையின் நாயகனும் மாறினார். நம்மைக் கேட்டால், இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு என்போம். பர்ச் கடனடிமைகளுக்காகப் பரிந்து பேசியதும் உண்மை, மண்ணின் மக்களை மதியாமல் நடந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதற்கு எந்த அரசாங்கத்துக்கும் மனம் வருவதில்லை. இந்தியாவிலும் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வெள்ளையருக்குச் சிப்பாய்க் கலகம். விடுதலை வேண்டியவர்களுக்கு முதல் சுதந்திரப் போர்.

இதுவாவது ஊரறிந்த கதை. நம்முடைய கதை ஒன்று இருக்கிறது. அது கிள்ளானில், நம் வாசலில் நடந்தது.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்குத் தலைமை தாங்கியது. சங்கத்தை நடத்தியவர்களில் முதன்மையானவர் ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவர். தொழிலாளர் கேட்டவை என்ன? 60 காசு நாட்கூலி கேட்டார்கள். அதே வேலைக்குச் சீனத் தொழிலாளருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறதே என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, நோயாளிக்கு ஒழுங்கான மருத்துவம் கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். உறவினர் வந்து பார்த்துப் போவதைத் தடுக்காதே என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ, கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றார்கள்.

நேயர்களே, அந்தச் சைக்கிள் கோரிக்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்குக் காசு பணம் எதுவும் வேண்டியதில்லை. கொடுப்பதால் எந்தக் கம்பெனிக்கும் நட்டமில்லை. கூலியோடு அதையும் சேர்த்துக் கேட்டார்களே, அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்களாக இருந்திருக்க வேண்டும்!

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர் திரண்டார்கள். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த படைவீரர்களே தொழிலாளர்மீது ஏவப்பட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர் இறந்தார்கள். பலர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். உலகமே வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அன்றைய அரசாங்கம் இதை எப்படிப் பதிவு செய்தது? வெளியிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர்கள் கள்ளங்கபடமற்ற கூலிகளைத் தூண்டிவிட்டார்கள் என்று. அந்த அதிகாரிகள் எழுதியவைதாம் கட்டுக்கட்டாகப் பாதுகாக்கப்பட்டு, லண்டனில் காலனி அலுவலகத்துக் காகிதங்களில் இடம்பெற்றன. சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர் எழுதிய காகிதம் எங்கே? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னாளில் ஆராய்ச்சி செய்ய வருபவர் அதிகாரியின் காகிதத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. நல்ல ஆய்வாளர்கள் அந்தக் காகிதத்தையே திருப்பிப் பிடித்து, தொழிலாளியின் முகத்தை அதில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அது கடினமான வேலை. ஆகவே அரசாங்கம் வரலாற்றை உருவாக்குவது பாடப்புத்தகத்தில் அல்ல, அதற்கு வெகு முன்னால், எந்தக் காகிதத்தை அலமாரியில் வைப்பது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. நம் நாட்டில் தேசிய ஆவணக் காப்பகம் 1957ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஏற்பட்டது. அதற்கு முன் தோட்டத்து அலுவலகங்களில் கிடந்த செக்ரோல் புத்தகங்களை யார் காத்தார்கள்? நமக்குத் தெரிந்த ஒரு தோட்டம் கைமாறியபோது, பழைய செக்ரோல்களை முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். நாம் அப்போது சிறுவன். தீ நன்றாக எரிகிறதென்று கைதட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் நம் தாத்தாவின் பெயரும் இருந்திருக்கும்.

சயாம் ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க இயலாது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை போட்டார்கள். போர்க் கைதிகளான வெள்ளை வீரர்கள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் பேர் வரை. இறந்தவர்கள் 90,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். இன்று சயாமின் காஞ்சனபுரிக்குப் போனால், வெள்ளை வீரர்களின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000, வரிசையாக, ஒவ்வொன்றிலும் பெயர்ப்பட்டயத்தோடு, பூச்செடியோடு இருக்கின்றன. பட்டாளம் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தது; அரசாங்கம் ஆளைத் தேடியது; அதனால் பெயர் நின்றது. நம்மவர்களைத் தேட எந்த அரசாங்கமும் இல்லை. ஜப்பானியருக்கு அவர்கள் கூலிகள். திரும்பி வந்த வெள்ளையருக்கு, மீண்டும் பால் வெட்ட ஆள் போதுமா என்பதே கவலை. 1957ஆம் ஆண்டு வந்த குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள், அந்தப் பாதையைத் தமிழனும் போட்டான் என்று எண்ணியே இருக்கமாட்டார்கள்.

நம் பாடப்புத்தகத்தில் ஜப்பானியர் ஆட்சிக்கு இடமுண்டு. சயாம் ரயிலுக்கு அதில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர்கள் நம் எழுத்தாளர்கள். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவல்களை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். அரசாங்கம் எழுதாததை ஒரு நாவலாசிரியர் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

இனி, பாடப்புத்தகத்துக்கு வருவோம். நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, பாடத்திட்டம் என்பது வானத்திலிருந்து இறங்கியது போல மனப்பாடம் செய்தோம். அது எங்கிருந்து வந்தது என்று பின்னரே தெரிந்துகொண்டோம். விடுதலைக்கு முன் தோட்டப் பள்ளிகளில் இந்தியாவிலிருந்து வந்த புத்தகங்களே ஓதப்பட்டன. கிள்ளானில் இருக்கும் பிள்ளை கிள்ளான் ஆற்றை அறியாமல் காவிரியைப் படித்தது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான, மலாயாவை நோக்கிய ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்றது. அது அவசியமான மாற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. பல இனம் வாழும் நாட்டில் பிள்ளைகள் பொதுவாகச் சிலவற்றையாவது அறிந்திருக்க வேண்டும். 1975ஆம் ஆண்டு முதல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்தது. தோட்டத்துப் பெற்றோருக்கு அது எத்தனை பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாடு முழுவதும் ஒரே புத்தகம் என்னும்போது, அதில் விடுபட்டது நாடு முழுவதும் விடுபட்டதாகிறது. 2013ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் கட்டாயம் தேற வேண்டும் என்றானது. 2014 முதல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாயிற்று. அரசாங்கம் இந்தப் பாடத்துக்கு எவ்வளவு கனம் கொடுக்கிறது பாருங்கள்.

விடுமுறை நாட்காட்டியிலும் இதைக் காணலாம். ஆகஸ்டு 31 நம் எல்லாருக்கும் தெரியும். 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானது. ஆயினும் அந்த நாள் நாடு தழுவிய பொது விடுமுறையானது 2010ஆம் ஆண்டில்தான். சபா, சரவாக் மக்களுக்கு அந்த 47 ஆண்டுக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாளைக் கொண்டாடு என்று சொல்வதும் வரலாறு எழுதுவதுதான்.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் இயெனாகா சபுரோ என்ற வரலாற்றுப் பேராசிரியர் எழுதிய பாடப்புத்தகத்தில், தம் நாட்டுப் படை செய்த கொடுமைகளைச் சொல்லும் பகுதிகளைக் கல்வி அமைச்சு வெட்டச் சொன்னது. 1965இல் அவர் வழக்குப் போட்டார். வழக்குமேல் வழக்காக 1997 வரை, 32 ஆண்டுகள் நடந்தன. கடைசியில் அமைச்சின் வெட்டுகளில் சில சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து முகலாயர் அரசவை பற்றிய ஓர் அத்தியாயம் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லாமற் போனது. தாஜ்மகால் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பொதுமக்கள் வாய் திறந்தால் புத்தகம் மாறுவதும் உண்டு. ‘இண்டர்லோக்’ என்ற மலாய் நாவல் 2011ஆம் ஆண்டு ஐந்தாம் படிவத்துக்குப் பாடமாக வைக்கப்பட்டது. இந்தியர் இந்நாட்டுக்கு வந்ததை அது விவரித்த முறையும், சாதியைக் குறிக்க ஆண்ட சொல்லும் நம் சமூகத்தைப் புண்படுத்தின. எதிர்ப்பு எழுந்தது, ஆண்டு முடிவதற்குள் நாவல் திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அப்போது ஒரு மலாய் நண்பர், தம் கையிலிருந்த தேநீரைக்கூடக் குடிக்காமல் நம்மைக் கேட்டார்: “அப்படியானால் நீங்கள் எப்படி வந்தீர்கள்? நீங்களே எழுதியது ஒன்று கொடுங்களேன், மலாயில்.” நம்மால் உடனே எதையும் எடுத்துக் கொடுக்க இயலவில்லை.

இன்னொரு கசப்பான செய்தியையும் சொல்லிவிடுகிறோம். படக்காரரின் வேலையை நாமும் வீட்டில் செய்கிறோம். துரை அடித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிக்கொண்டு, சொந்தக் கிராமத்து ஆட்களையே கடனில் அமுக்கி வைத்த கங்காணி நம்மவர்தானே? அவரைப் பற்றிச் சொல்கிறோமா? ஒரே லயத்தில் வாழ்ந்தும் இன்னார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது என்றிருந்த காலத்தைச் சொல்கிறோமா? கோயில் திருவிழாவில் யார் தேர்க்கயிற்றைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்று இருந்ததைச் சொல்கிறோமா? அரசாங்கம் எங்களை மறைத்துவிட்டது என்று குறைகூறும் நாம், நமக்குள் யாரை மறைத்தோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை கொஞ்சமல்ல. பழைய சம்பளச் சீட்டு, தொழிற்சங்க உறுப்பினர் அட்டை, குடியுரிமைப் பத்திரம், ரஜூலா கப்பலில் வந்த பயணச்சீட்டு, சாயம் போன திருமணப் படம் — இவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்புறம் யார் யார் நிற்கிறார்கள், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிவிடும், பென்சிலே நல்லது. முதியோர் பேசுவதைப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பதிந்து வைக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு அவர்களைக் களைப்படையச் செய்ய வேண்டாம்.

அந்தப் பாட்டியை மறுவாரமே வகுப்புக்கு அழைத்தோம். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று முதலில் மறுத்தார், பிறகு உட்கார்ந்தார். எந்தெந்த லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு, முனிசிபல் குழாய் வருவதற்கு முன் தண்ணீர் எடுத்த கிணற்றிலிருந்து தொடங்கி, வீடு வீடாக நடந்து போவது போலச் சொல்லிக்கொண்டே போனார். முதல் வீட்டில் ஆயாம்மா. இரண்டாம் வீட்டில் தண்டல். மூன்றாம் வீட்டில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகளோடு. பிள்ளைகள் எழுத எழுத, பேரன் கரும்பலகையில் கோடு போட்டு வீடுகளை வரைந்தான். அவனுடைய கட்டுரையின் முதல் வரியை நாம் அடிக்கவில்லை. அதற்கு மேலே ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னோம்.

பதினான்காம் வீட்டில் இருந்தவரின் பெயர் மட்டும் பாட்டிக்கு நினைவு வரவில்லை. பந்திங்கில் இருக்கும் தம் அக்காளுக்குத் தெரிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.